அந்த அறையை ஏன் இரண்டாவது முறை துடைத்தார்?

அடிதடி ஒன்றில் படுகாயமடைந்து கோமாவில் கிடந்தான் அந்த இளைஞன். மாதக்கணக்காக அவன் அப்பா தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அவர் சிகரெட் பிடிக்க வெளியே போன நேரத்தில், தூய்மைப் பணியாளர் வந்து அறையைத் துடைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த அப்பாவுக்கு அது தெரியாது. அறையை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பணியாளரைக் கண்டதும் சத்தம் போட்டார். இப்போதுதானே துடைத்தேன் என்று வாதாடத்தான் பணியாளருக்கு முதலில் தோன்றியது. ஏதோ ஒன்று தடுத்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த அப்பாவின் கண்ணெதிரிலேயே அறையை இரண்டாவது முறை துடைத்தார்.

இது நடந்தது அமெரிக்காவில். மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் ஆகிய ஆய்வாளர்கள் நடத்திய நேர்காணல்களில் பதிவானது. உளவியலாளர் பாரி ஷ்வார்ட்ஸ் தன் உரைகளில் இதை எடுத்துச் சொன்ன பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பணியாளர்களின் வேலைப் பட்டியலையும் ஷ்வார்ட்ஸ் காட்டுவார். தரையைத் துடைக்க வேண்டும், பெருக்க வேண்டும், குப்பைக் கூடையைக் காலி செய்ய வேண்டும், அலமாரியில் தீர்ந்துபோனதை நிரப்ப வேண்டும். நீளமான பட்டியல்தான். ஆனால் அதில் ஓர் இடத்தில்கூட இன்னொரு மனிதர் வருவதில்லை. பிணவறையைச் சுத்தம் செய்பவருக்குக்கூட அதே பட்டியலைக் கொடுத்துவிடலாம்.

அறுவைசிகிச்சை முடிந்து ஒரு நோயாளி தட்டுத்தடுமாறி நடந்து பழகுகிறார் என்பதற்காக, நடைபாதையைத் துடைப்பதைப் பாதியில் நிறுத்திய பணியாளர் ஒருவர் அங்கே இருந்தார். நோயாளியின் குடும்பத்தார் அசதியில் தூங்கிக்கொண்டிருந்ததால், காத்திருப்புக் கூடத்தில் வேக்வம் கிளீனர் போடாமல் விட்டவர் இன்னொருவர். கிளீனர் போடச் சொன்ன மேற்பார்வையாளரின் பேச்சை மீறித்தான் அவர் அப்படி விட்டார். கோமா நோயாளிகளின் அறையில் சுவரில் மாட்டியிருக்கும் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பவரும் உண்டு. அந்தச் சிறு மாற்றம் எங்கேயாவது போய்த் தொடாதா என்ற நம்பிக்கை அவருக்கு.

அதே மருத்துவமனையில், அதே சம்பளத்துக்கு, அதே வேலையைச் செய்த இன்னொரு கூட்டமும் இருந்தது. இதற்குப் பெரிய திறமை தேவையில்லை, யாரோடும் பேச வேண்டியதும் இல்லை, வருகிறோம், துடைக்கிறோம், போகிறோம் என்றார்கள் அவர்கள். முதல் கூட்டமோ, இது மிகுந்த திறமை கேட்கும் வேலை என்றது. நோயாளி எப்போது விழித்திருப்பார், எந்த ரசாயனத்தின் நெடி யாருக்கு ஆகாது, யார் அழுதுகொண்டிருக்கிறார், யாரைத் தனியே விட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வேலைக்குள் அடக்கம். 2001-ல் ரெஸ்னெஸ்கியும் டட்டனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, நிர்வாகவியலில் ஒரு புதிய பேச்சைத் தொடங்கிவைத்தது. மேலிடம் வகுத்துக் கொடுப்பதோடு வேலையின் வடிவம் முடிந்துவிடுவதில்லை, செய்கிறவரும் தன் வேலையைச் செதுக்குகிறார் என்பது அதன் சாரம்.

வேலையில் சலிப்பு தட்டினால் இன்று எவ்வளவோ அறிவுரை கிடைக்கிறது. நல்லதையே நினை, காலையில் கண்ணாடி முன் நின்று உன்னால் முடியும் என்று சொல், நன்றியுணர்வோடு இரு. இதில் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தூய்மைப் பணியாளர்கள் செய்தது இது எதுவுமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துடைப்பது தங்களுக்குப் பிடித்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும்படி அவர்கள் தங்களை வற்புறுத்தவில்லை. அவர்கள் பார்வை தரையிலிருந்து நிமிர்ந்து, அந்தத் தரையில் நடக்கப்போகிறவர் மீது விழுந்தது. மனநிலை மாற்றம் என்று நாம் பேசுவதில் உருப்படியான பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே நாற்காலி, மூன்று விதமான மனிதர்கள்

தூய்மைப் பணியாளர் ஆய்வுக்கு முன்பே, 1997-ல், ரெஸ்னெஸ்கி வேறொரு கேள்வியோடு 196 ஊழியர்களை அணுகியிருந்தார். வேலையைச் சம்பளத்துக்கான வழியாக மட்டும் பார்க்கிறவர்கள், மேலே ஏறும் படிக்கட்டாகப் பார்க்கிறவர்கள், அதுவே தன் வாழ்வின் அர்த்தம் என்று கொள்கிறவர்கள் என மூன்று வகையினர் தெளிவாகத் தென்பட்டார்கள். மருத்துவர், பேராசிரியர் எல்லோரும் மூன்றாவது வகை, குமாஸ்தாக்கள் எல்லோரும் முதல் வகை என்றுதானே எதிர்பார்ப்போம்? நிர்வாக உதவியாளர் வேலையில் இருந்த 24 பேரைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குள்ளேயே மூன்று வகையினரும் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். 24 என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துப் பெரிய சட்டம் எதுவும் எழுத முடியாது. ஆனாலும் அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ பத்து ஆண்டு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இது உண்மை என்பார்கள். ஒரே பதவி, ஒரே நாற்காலி, ஒரே கோப்பு. ஒருவர் மனுதாரரை நிமிர்ந்தே பார்க்கமாட்டார். பக்கத்து மேசைக்காரரோ விடுபட்ட சான்றிதழ் எது என்று தாளில் எழுதியே கொடுத்துவிடுவார்.

சம்பளத்துக்காக மட்டும் வேலை பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்ற எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு, வாழ்வின் பொருளைத் தவிலிலோ, தோட்டத்திலோ, பிள்ளைகளிடமோ தேடிக்கொள்கிறவர் நிறைவான மனிதர்தான். சிக்கல், எட்டு மணி நேரத்தையும் வெறுத்துக்கொண்டே கழித்து, அந்த வெறுப்பை வீட்டுக்கும் சுமந்து வருகிறவர்களுக்கு.

இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது? வேலைப் பளு, அதிகாரியின் சிடுசிடுப்பு, போதாத சம்பளம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் நம் காலத்துக்கே உரிய காரணம் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. நாம் செய்கிற வேலைக்கும் அதனால் பயன்பெறுகிறவருக்கும் நடுவில் தூரம் பெருகிவிட்டது. தையற்காரருக்குத் தெரியும், அந்தச் சட்டையைத் தீபாவளிக்கு யார் போடப்போகிறார் என்று. திருப்பூரின் ஏற்றுமதி ஆலையில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிற பெண்ணுக்கு அது தெரிய வழியில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் பிழை திருத்துகிற இளைஞருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் புகாருக்குத் தரப்பட்ட டிக்கெட் எண். அந்த எண்ணுக்குப் பின்னால், மருத்துவச் செலவுப் பணம் வராமல் தவிக்கிற ஒரு குடும்பம் இருக்கலாம். டிக்கெட் மூடப்படும், அடுத்த டிக்கெட் திறக்கும்.

முகம் பார்த்ததும் மாறியது

இந்தத் தூரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்று ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். பல்கலைக்கழகம் ஒன்றின் முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கிற வேலை. எடுத்த எடுப்பிலேயே வைத்துவிடுகிறவர்கள், எரிந்து விழுகிறவர்கள் என்று பொழுது முழுக்க மறுப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரட்டிய பணத்தில் ஒரு பகுதி மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்குப் போனது. ஆனால் தொலைபேசியில் கெஞ்சுகிறவர்கள் அந்த மாணவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அப்படி உதவி பெற்ற ஒரு மாணவரை அழைத்துவந்து, ஒரு பிரிவினரோடு சில நிமிடங்கள் பேசவைத்தார் கிராண்ட். அந்தப் பணம் தனக்கு எப்படி உதவியது என்று மாணவர் சொன்னார், அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னார், போய்விட்டார். அவ்வளவுதான். சம்பளம் கூடவில்லை, ஊக்கத்தொகை இல்லை, மேலாளரும் மாறவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது. திரட்டிய தொகை 171 சதவீதம் கூடியிருந்தது. 2007-ல் வெளியான அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொரு பிரிவு. அவர்களிடம் மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படிக்கக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. நிறுவனங்கள் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிவைக்கும் குறிக்கோள் வாசகங்கள் ஏன் யாரையும் அசைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? தாளில் எழுதிய நோக்கம் செய்யாததை, எதிரே வந்து நின்ற ஒரு முகம் செய்தது.

சமையற்கட்டிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ரையன் புயெலும் சக ஆய்வாளர்களும் ஓர் உணவுக்கூடத்தில் காணொளித் திரைகளை வைத்தார்கள். சமைப்பவரும் சாப்பிட வந்தவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிந்த நாட்களில், யாரும் யாரையும் பார்க்க முடியாத நாட்களைவிட உணவின் மீதான திருப்தி 17.3 சதவீதம் கூடியது. சாப்பாடு 13.2 சதவீதம் வேகமாகவும் வந்தது. சாப்பிட வந்தவர் மட்டும் சமையற்காரரைப் பார்க்க முடிந்தபோது பெரிய வேறுபாடு இல்லை. சமையற்காரர் சாப்பிடுகிறவரைப் பார்க்க முடிந்தபோதுதான் மாற்றம் தொடங்கியது. தோசைக்கல்லுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் உள்ள யாருக்கும் இது புரியும். நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறவரின் தோசை முறுகுகிற விதமே வேறு.

மதுரையில் கட்டுப் பிரிக்கும் காலை

மேலை நாட்டு ஆய்வுகளைப் படித்துக்கொண்டே போகும்போது, என் மனம் மதுரைக்குப் போவதைத் தடுக்க முடியவில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து அவர் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களோடு அறுவைசிகிச்சை பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். கட்டணம் செலுத்த முடிந்தவர்களின் பணத்தில், முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் அந்த முறையைப் பற்றி உலகின் பெரிய நிர்வாகவியல் கல்லூரிகள் பாடம் நடத்துகின்றன. அவர்கள் பெரும்பாலும் வியப்பது அதன் வேகத்தை. ஒரு மேசையில் அறுவைசிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், மருத்துவர் அங்கிருந்து இங்கே திரும்பினால் போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மேசைகளைச் சுற்றி இருக்கும் பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி. பார்வையைப் பரிசோதிப்பது, நோயாளியைத் தயார்செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, பிறகு சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று பாட்டிக்குப் புரியும்படி சொல்வது என மருத்துவமனையின் அன்றாடம் முழுக்க அவர்கள் கையில். வேலை குறைவானது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நியாயமாகப் பார்த்தால் காலர் தைப்பதைப் போலவே சலிப்பு தட்டவேண்டிய வேலை.

ஆனால் கண்புரை அறுவைசிகிச்சைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் மறுநாளே கட்டைப் பிரிப்பார்கள். பேரன் முகம் மங்கலாகக்கூடத் தெரியாமல் கையைப் பிடித்துக் கூட்டிவரப்பட்ட பெரியவர், எதிரே நிற்கிற பெண்ணின் விரல்களை எண்ணிச் சொல்வார். முகாமிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவர், அந்தப் பெண்ணின் சொந்த ஊர்ப் பக்கத்துக்காரராகக்கூட இருக்கலாம். செய்த வேலையும் அதன் பலனும் ஒரே இடத்தில், ஒரே நாள் இடைவெளியில் சந்தித்துக்கொள்கின்றன. கிராண்ட் சில நிமிடங்களுக்கு ஏற்பாடு செய்த அந்தச் சந்திப்பு, மதுரையில் ஒவ்வொரு நாளும் வேலையின் பகுதியாகவே நடக்கிறது.

எல்லோருக்கும் கண் மருத்துவமனை வாய்க்காது. அதனால் கொஞ்சம் தேடிப்போக வேண்டும். நவம்பர் மாதத்தில் வங்கிக்குப் போய்ப் பாருங்கள். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழோடு வரிசையில் நிற்பார்கள். உள்ளே உட்கார்ந்து அதைக் கணினியில் ஏற்றுகிறவருக்கு அது நூற்றுக்கணக்கான படிவங்களில் இன்னொரு படிவம். ஒரு படிவம் விட்டுப்போனால், யாரோ ஒரு மூதாட்டிக்கு மாத்திரை வாங்கப் பணம் வராது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஏற்றுகிற விரல்களுக்கும், வைத்துக்கொள்ளாமல் ஏற்றுகிற விரல்களுக்கும் வேலைப் பளு ஒன்றுதான். மாலையில் வீடு திரும்பும்போது உள்ளே இருக்கிற கனம் வேறு. மென்பொருள் இளைஞர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் கேட்டு, தான் திருத்தும் பிழையைப் பற்றி வந்த புகாரின் முழுக் கதையையும் ஒருமுறை வாங்கிப் படிக்கலாம். முடிந்தால் அந்த அழைப்பையே கேட்கலாம். யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாத சிறிய அடி இது. பழகிய வேலையைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். பயன்பெறுகிற முகம் ஒன்று பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மனம் மட்டும் மாறினால் போதாது

இந்தப் பேச்சு முழுவதும் முதலாளிகளுக்கு மிகவும் வசதியானது என்பதை நான் மறக்கவில்லை. மனதை மாற்றிக்கொள் என்று ஊழியரிடம் சொல்வது, சம்பளத்தை மாற்றுவதைவிட மலிவு.

ஜெஃப்ரி தாம்சனும் ஸ்டூவர்ட் பண்டர்சனும் வட அமெரிக்காவின் விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களை ஆராய்ந்து 2009-ல் எழுதிய கட்டுரை இந்த ஆபத்தைக் காட்டுகிறது. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, குறைந்த சம்பளத்துக்குச் சாணம் அள்ளுகிறவர்கள் அவர்கள். இதற்காகவே பிறந்தோம் என்ற உணர்வு அவர்களில் பலருக்கு இருந்தது. அந்த உணர்வு ஆழமாக இருந்தவர்கள் தங்கள் வேலையை அதிக அர்த்தமுள்ளதாகக் கண்டார்கள். அதே ஆட்கள்தான் சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் எளிதில் விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் தங்கள் அன்பைப் பயன்படுத்திக்கொள்கிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்கு இருந்தது. நம் ஊரில் அங்கன்வாடி ஊழியரையும், செவிலியரையும், தனியார் பள்ளி ஆசிரியரையும் சேவை என்ற சொல்லால் எத்தனை முறை வாயடைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் இது அமெரிக்கக் கதையாகத் தெரியாது.

இன்னொன்று, உடல். மைக்கேல் மார்மட் வழிநடத்திய பிரிட்டன் அரசு ஊழியர்கள் பற்றிய ஆய்வு 1985-ல் தொடங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. தன் வேலையின் மீது தனக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க உரிமையே இல்லாத ஒருவரிடம், பார்வையை மாற்றிக்கொள் என்பது பாதி மருந்துதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்-அவுட் எனப்படும் பணிச்சோர்வை வரையறுத்தபோது, அதைச் சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. அதைத் தனிமனிதரின் நோயாக அது பட்டியலிடவில்லை. பல பத்தாண்டுகள் அதை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், பளு, கட்டுப்பாடு, வெகுமதி, சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என ஆறு இடங்களில் காரணத்தைத் தேடச் சொல்கிறார். ஆறும் பணியிடத்தோடு பின்னிக் கிடப்பவை.

ஆகவே சோர்ந்துபோயிருக்கிற ஒருவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, என் மனம் சரியில்லையா, இடம் சரியில்லையா என்பதுதான். தூக்கம் போய், உடம்பு கெட்டு, அவமானம் அன்றாடமாகிவிட்ட இடத்தில் பார்வையை மாற்றிக்கொண்டு தங்கியிருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அங்கே தேவை சங்கமோ, புகாரோ, வேறு வேலையோ. இடம் சுமாராக இருந்து, மனிதர்களும் சுமாராக இருந்து, வேலை மட்டும் சுவையற்றுப்போயிருந்தால், முகத்தைத் தேடிப்போவது பலன் தரும்.

தேடிப்போவதில் பாதிப் பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது. தெரசா அமபிளியும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரை அன்றாடம் நாட்குறிப்பு எழுதவைத்து, ஏறக்குறைய 12,000 பதிவுகளை அலசினார்கள். மனம் உற்சாகமாக இருந்த நாட்களில் அதிகம் தென்பட்டது, பொருளுள்ள ஒரு வேலையில் கொஞ்சமாவது முன்னேறியிருந்தோம் என்ற செய்தி. பிறகு 669 மேலாளர்களிடம், ஊழியருக்கு ஊக்கம் தருவது எது என்று ஐந்து காரணங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முன்னேற்றத்துக்குக் கிடைத்தது கடைசி இடம்.

நம் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் நெடுநாள் மனக்குறை ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. வகுப்பெடுக்க வேண்டிய நேரத்தில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். மாணவரின் முகம் எதிரே இருக்கிறது, பார்க்கத்தான் நேரமில்லை. அந்தப் பணியை எழுத்தருக்கு மாற்றுவது உடனே செய்ய வேண்டியது. அதுவரையிலாவது, ஏற்றிய தகவல் எங்கே போனது, அதனால் எந்தப் பிள்ளைக்கு உதவித்தொகை வந்தது, படிப்பை விட்ட எந்தச் சிறுமி மறுபடி பள்ளிக்குத் திரும்பினாள் என்பதை, ஏற்றிய ஆசிரியருக்குத் துறை திருப்பிச் சொல்லலாம். வாரத்துக்கு ஒரு பெயர் போதும்.